கன்னத்தில் கறுத்த பொட்டு வைத்த பாண் பிள்ளைகள்

1. சிவப்பு அட்டை

பேக்கரி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாண் ரொட்டியில் வெடிப்பு இருக்கலாம். ஒரு பக்கம் சரிந்திருக்கலாம். தலை கொஞ்சம் கருகியும் இருக்கலாம். கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கக்கூடாது. கறுப்புப் புள்ளி என்றால் பூஞ்சணம். பூஞ்சணம் என்றால் மிஸ்டர் ரொபேட்சன்.

அவர் ரொறொன்ரோவில், எங்கள் ரெக்ஸ்டேல் பேக்கரியின் க்யூ.சி., அதாவது தரம் பார்ப்பவர். ஸ்கொட்லாந்துக்காரர். ஒரு பையில் பூதக்கண்ணாடியும் மற்றப் பையில் சிவப்பு அட்டைகளும் வைத்திருப்பார். அந்த அட்டைக்கு ஹோல்ட் டாக் என்று பெயர். தட்டுகள் அடுக்கிய எந்த ராக்கில் அது தொங்குகிறதோ அந்த ராக் வாசலைத் தாண்டாது. முதலாளி வந்து சொன்னாலும் தாண்டாது.

எழுபதுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை மத்தியானம், அவர் ஒரு ராக்குக்கு முன்னால் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் கோதுமை மாவின் நிறத்தில் இருந்தது.

"உதென்ன?" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேசியது ஸ்கொட்டிஷ் ஆங்கிலம். என் தோழி லூஸ் பேசியது ஸ்பானிய ஆங்கிலம். நான் பேசியது யாழ்ப்பாண ஆங்கிலம். மூன்றையும் அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே எல்லோரையும் எங்கள் பேச்சிலேயே பேச விடுகிறேன்.

"பிள்ளையள்," என்றேன்.

"பிள்ளையள் எண்டு தெரியுது. பிள்ளையளின்ர கன்னத்தில என்ன?"

"பொட்டு. சொக்லட் ஐசிங்."

"ஓடரில பொட்டு இருக்கோ?"

"இல்லை."

"பின்ன ஆர் வைச்சது?"

"நான்தான்."

அவர் சிவப்பு அட்டையை எடுத்து ராக்கில் மாட்டினார். பிறகு அடுத்த ராக்கிலும் மாட்டினார். ஊரில் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்தவள் நான். பூஞ்சணத்தைக் கரும்பலகையில் கீறி, வித்துக்களைப் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டியவள். அன்று அதையே இருநூறு பாண் பிள்ளைகளின் கன்னத்தில் குத்தி வைத்திருந்தேன்.

2. செத்தவர்களுக்கு இனிப்பு

லூஸ் எக்குவடோரிலிருந்து வந்தவள். மா குழைக்கும் பகுதியில் வேலை. என்னை "செனோரா" என்பாள். அவளுடைய நாட்டவர்கள் அப்போதுதான் சிறுகச் சிறுக ரொறொன்ரோவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் அவர்களுக்கு இறந்தவர்களின் திருநாள் வரும். ஊரில் என்றால் குடும்பமாக மயானத்துக்குப் போய், கல்லறைக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்களாம். ஊதா நிறத்தில், கறுத்த சோள மாவும் பழங்களும் கறுவாவும் போட்டுக் காய்ச்சிய ஒரு கூழ். அதோடு துணியில் சுற்றிய கைக்குழந்தை போன்ற பாண். உள்ளே கொய்யாப்பழ ஜாம். அந்தப் பாணுக்குப் பெயர் "வாவா". அவர்களுடைய மலைநாட்டுப் பேச்சில் குழந்தை என்று அர்த்தம்.

இங்கே மயானத்தில் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. எல்லோருடைய கல்லறையும் கடலுக்கு அப்பால். அதனால் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் மேசை போட்டு, படங்களை அடுக்கி, முதல் தடவையாக எல்லோரும் கூடுவதென்று முடிவு. லூஸ் மனேச்சரிடம் போய், பாண் சுடும் அடுப்புகளில் சின்னதான சின்னப் போறணையைக் கேட்டாள். "சனிக்கிழமை எடுங்கோ. ஆனால் எங்கட வாசலால போற எதையும் ரொபேட்சன் பார்ப்பார்," என்றார் அவர்.

ஐசிங் வேலைக்கு, ஃபினிஷிங் டேபிளில் இருந்த என்னைக் கேட்டாள். நான் உடனே ஓம் சொல்லவில்லை.

காரணம் என் மகள் சுகந்தி. கலியாணம் முடித்து ஒஷாவாவில் இருந்தாள். முந்தின வருடம், வயிற்றில் ஆறு மாதமாக இருந்த ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது மீண்டும் நிறைமாதம். பிள்ளை பிறக்கும்வரை வீட்டுக்குள் ஒரு தொட்டில், ஒரு சின்னச் சட்டை வர நான் விடவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பின்னிக் கொடுத்த காலுறையைக்கூடக் காரின் டிக்கியில் பூட்டி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவளிடம் வந்து, செத்தவர்களின் திருநாளுக்குக் குழந்தை உருவத்தில் பாண் செய்வோம் என்றால்?

"லூஸ், எனக்கு நெஞ்சு இடிக்குது," என்றேன். "பிள்ளை மாதிரிச் செய்து, செத்தவைக்குக் குடுக்கிறதோ?"

"உங்கட ஆக்கள் செத்தவைக்கு ஒண்டும் குடுக்கிறேல்லையோ?"

"குடுப்பம். திவசத்துக்குச் சமைச்சுப் படைப்பம். அவைக்குப் பிடிச்சதாப் பாத்துப் படைப்பம்."

"பிறகு ஆர் சாப்பிடுறது?"

"நாங்கள்தான்."

"பின்ன என்ன, செனோரா? என்ர அம்மா அங்க தனியக் கிடக்கிறா. அவவுக்கு இனிப்பெண்டால் உயிர்."

அதற்குப் பிறகுதான் ஓம் சொன்னேன்.

3. என்ன வடிவு, என்ன வடிவு

அந்தச் சனிக்கிழமை காலை ஏப்ரனைக் கட்டும்போதே அலுவலகத்துப் பெண் ஓடிவந்தாள். எனக்கு டெலிபோன். மருமகன்.

"மாமி, சுகந்தியை ஆஸ்பத்திரியில விட்டிருக்கு. நோ துவங்கீட்டுது. நீங்கள் இப்ப வராதேங்கோ. நேரமெடுக்குமாம். நான் கோல் பண்ணுறன்."

"எப்ப பண்ணுவீர்?"

"பிறந்தவுடன."

"பிறக்க முந்தியும் பண்ணும்."

"மாமி, ஒவ்வொரு நோவுக்கும் பண்ண ஏலாது."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் கணவருக்குப் பின்னேரம் வரை வேலை. ரெக்ஸ்டேலிலிருந்து ஒஷாவா, நகரத்தின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலையும் தாண்டிப் போகிற தூரம். கைக்கு வேலை இல்லாவிட்டால் விசர் பிடித்துவிடும் என்று ஐசிங் பையைத் தூக்கினேன்.

நீராவி அறையில் மா பொங்கி, போறணைக்குள் போய், பிள்ளைகள் வெளியே வந்தன. நான் எதிர்பார்த்தது ஏதோ பாண் கட்டை. வந்தவையோ பொன்னிறத்தில், உப்பிய கன்னங்களோடு, வெதுவெதுவென்று, கையில் எடுத்தால் நிஜமாகவே ஒரு பாரம். சிவப்பிலும் பச்சையிலும் போர்வை வரைந்து, இரண்டு கண், ஒரு வாய் வைத்ததும் தட்டுத் தட்டாக இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தன.

அங்கேதான் விஷயம் பிழைத்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் மேசையடியில் நின்றார்கள். போர்த்துக்கீசப் பெண்கள், இத்தாலிய டிரைவர்கள், கூட்டித் துடைக்கிறவர்கள்.

"ஐயோ, என்ன வடிவு!"

"கன்னத்தைப் பாருங்கோ, கொழு கொழு எண்டு!"

"கடிக்கலாம் போல கிடக்கு!"

ஒரு தாய் இதை எப்படிப் பொறுப்பாள்? ஒஷாவாவில் என் மகள் நோவில் கிடக்கிறாள். இங்கே ஒரு தொழிற்சாலையே கூடி நின்று பிள்ளைகளைப் பார்த்து வடிவு, அழகு என்று வாய்விட்டுச் சொல்கிறது. நாவூறும் கண்ணூறும் பட இதைவிட என்ன வேண்டும்? இது வெறும் பாண் என்று என் படிப்பு சொன்னது. கை கேட்கவில்லை. சொக்லட் ஐசிங்கை எடுத்து, முன்னால் இருந்த பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். மனம் கொஞ்சம் ஆறியது. அடுத்ததுக்கும் வைத்தேன். ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விட்டால் விடுபட்டது பாவம் அல்லவா? கடைசித் தட்டு வரைக்கும் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

4. விசாரணை

க்யூ.சி. அறையில் ஒரு பாண் பிள்ளை வெள்ளைத் தட்டில் மல்லாந்து கிடந்தது. ரொபேட்சன் பொட்டைக் கத்தி நுனியால் சுரண்டினார், பூதக்கண்ணாடியால் பார்த்தார், கடைசியில் நாக்கில் வைத்தார்.

"சொக்லட்தான்," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "ஏன் வைச்சனீங்கள், மிசிஸ் சிவா?"

"வடிவா இருந்ததால."

"வடிவா இருந்ததால ஊத்தை ஆக்கினனீங்களோ?"

"ஓம்."

அவர் நாற்காலியில் இருந்துவிட்டார். அப்போது லூஸ் உள்ளே வந்தாள். மண்டபத்தில் சனம் சேரத் தொடங்கியிருக்கும். வான் வெளியே நிற்கிறது. இருநூறு பாண் பிள்ளைகளும் சிவப்பு அட்டையோடு சிறையில். அவளுடைய அம்மாவின் படத்துக்கு முன்னால் வைக்க ஒன்றும் இல்லை. அவள் என்னைக் கொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

லூஸ் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "செனோரா, உது கண்ணுக்கோ?"

"கண்ணுக்குத்தான்."

அவள் தன் பர்ஸைத் திறந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய மகன், கைக்குழந்தையாக. மணிக்கட்டில் சிவப்பு நூல்.

"நாங்கள் சிவப்பு கட்டுவம். இவ கறுப்பு வைக்கிறா. எல்லாம் ஒரு கண்ணுக்குத்தான்," என்று ரொபேட்சனிடம் சொன்னாள். "உங்கட நாட்டில பிள்ளையள் இல்லையோ?"

ரொபேட்சன் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "எங்கட ஊரில பிள்ளையின்ர தள்ளுவண்டிலுக்குள்ள ஒரு வெள்ளிக் காசு போடுவினம்," என்றார், யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல. "என்ர மனிசி மூண்டு பிள்ளைக்கும் போட்டவ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. லூஸ் சிரித்தாள். ஆனால் அவர் அட்டையைக் கழற்றவில்லை. எழுந்து ராக்கடிக்குப் போய் ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தார்.

"இதில இடக் கன்னம். இதில வலக் கன்னம். இது நெத்தியில. உவனுக்கு மூக்கில." என்னைப் பார்த்தார். "மிசிஸ் சிவா, கண்ட கண்ட இடத்தில இருந்தால் அது பூஞ்சணம். எல்லாத்திலயும் ஒரே இடத்தில இருந்தால் அது டிசைன். டிசைனை நான் பாஸ் பண்ணலாம்."

தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்ததில் கை மாறிப் போயிருந்தது. இப்போது பிழையான இடத்தில் இருந்ததைச் சுரண்டி, எல்லாவற்றுக்கும் இடக் கன்னத்தில் வைக்க வேண்டும். நான் ஒரு பக்கம், லூஸ் ஒரு பக்கம். லூஸ் தன் பங்குக்குப் போர்வை ஓரத்தில் ஒரு சிவப்பு வளையமும் வரைந்தாள். பொறுக்க முடியாமல் ரொபேட்சன் கோட்டைக் கழற்றிவிட்டு மூன்றாவது ஐசிங் பையைத் தூக்கினார். க்யூ.சி. ஐசிங் பை தூக்கியதை அந்தப் பேக்கரி அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மனிதர் அளவுகோல் வைத்துப் பொட்டு வைத்தார்.

க்யூ.சி. அறையில் டெலிபோன் அடித்தது.

என் இரண்டு கையும் சொக்லட். ரொபேட்சன்தான் போய் எடுத்தார். "க்யூ.சி.," என்றார். கேட்டார். பேனாவை எடுத்து ஒரு ஹோல்ட் டாக்கின் பின்பக்கத்தில் எழுதினார். அந்தச் சில கணங்களில் நான் கும்பிடாத தெய்வமில்லை. லூஸின் அம்மாவைக்கூடக் கும்பிட்டேன்.

அவர் திரும்பி வந்து, பரிசோதனை முடிவு வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். "பொம்பிளைப்பிள்ளை. ஏழு றாத்தல். தாயும் பிள்ளையும் சுகம். குறை ஒண்டும் இல்லை." பிறகு என்னைப் பார்த்து, "பாஸ்," என்றார்.

நான் அவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் என் பத்து விரலும் சொக்லட்டில் பதிந்தன. ஒரே இடத்தில் இல்லாததால் அது டிசைன் ஆகவில்லை.

5. காலிலிருந்து தொடங்கு

கணவரை மண்டபத்துக்கே வரச் சொல்லிவிட்டு, பாணோடு பாணாக வானில் ஏறினேன். வழியெல்லாம் லூஸ் பாடினாள். எனக்கு அந்தப் பாட்டின் ஒரு சொல்லும் தெரியாது. நானும் பாடினேன்.

மண்டபத்தில் மேசை நிறையப் படங்கள். மீசைக்காரர்கள், மணப்பெண்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பெடியன். பெரிய பானையில் ஊதாக் கூழ் கொதித்து மணத்தது. கிட்டார் வாசித்தார்கள், ஆடினார்கள். பாண் பிள்ளைகளைக் கண்டதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பொட்டு என்ன? லூஸ் மேசையில் ஏறி நின்று ஸ்பானிய மொழியில் விளக்கினாள். கடைசியில் என்னைக் காட்டி, கையில் பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டி, எதையோ சொன்னாள். கிட்டார் நின்றது. பிறகு அவ்வளவு பேரும் கைதட்டி என்னிடம் வந்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கையிலிருந்த சிவப்பு நூலை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினாள்.

லூஸ் தன் அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு பாண் பிள்ளையை வைத்தாள். படத்தை விரலால் தடவி நேராக்கினாள். அது மட்டும்தான் அன்று மண்டபத்தில் ஒருவரும் சிரிக்காத நேரம்.

பிறகு எனக்கு ஒன்றைத் தந்தாள். "சாப்பிடுங்கோ."

"எனக்குப் பிள்ளையை வெட்ட ஏலாது, லூஸ்."

"காலில இருந்து துவங்குங்கோ. அதுக்குத் தெரியாது."

அதுவும் முடியவில்லை. பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கூழை மட்டும் மூன்று கோப்பை குடித்தேன்.

ஒஷாவா ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனபோது கண்ணாடிக்கு அப்பால் என் பேத்தி கிடந்தாள். இறுக்கிச் சுற்றிய துணிக்குள், உப்பின கன்னங்களோடு, பொன்னிறமாக. அச்சு அசல்.

"எப்பிடி, மாமி, வடிவோ?" என்று மருமகன் கேட்டார்.

நாவூறு பட்டுவிடும் அல்லவா? "பரவாயில்லை," என்றேன்.

சுகந்தி கட்டிலில் வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தாள். சிவப்பு நூலை அவள் கையில் கொடுத்தேன். பாண் பிள்ளையையும் பிரித்துக் காட்டி, நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் அதை வாங்கி, நான் தடுக்குமுன் தலையை ஒரே கடியாகக் கடித்தாள்.

"ஐயோ, பிள்ளை! தலையில இருந்தோ!"

"அம்மா, எனக்குப் பசிக்குது," என்றாள் வாய் நிறையப் பாணோடு. "உள்ளுக்கு ஜாம் இருக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் லூஸின் ஓடர் வரும்போது, அதில் இடக் கன்னத்தில் பொட்டு என்றே எழுதியிருக்கும். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் வேலையிடத்தில் டெலிபோன் அடித்தால் என் கை இன்னும் ஐசிங் பையைத் தேடுகிறது. பயம் வந்தால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள் என்பதுதான் நான் கற்றது. அது பொட்டு வைக்கிற வேலையாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே கன்னத்தில் வையுங்கள்.