பொன்னியம்மாள் பார்க்காத அத்திவரதர்

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம் வெளியே வருகிறார். நாற்பத்தெட்டு நாள் இருந்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விடுகிறார். வெளியூர்க்காரன் வேன் பிடித்து வந்து, வெயிலில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவன், “நமக்கின்னா, நடந்து போனா கோயிலு, கூட்டம் கொறையட்டும்” என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டம் குறைவதே இல்லை. நாள்தான் முடிந்துபோகிறது. 2019இல் அப்படி ஏமாந்தவர்கள் அந்தத் தெருக்களில் எத்தனையோ பேர். பொன்னியம்மாளை அந்தக் கணக்கில் சேர்க்க மனசு வரவில்லை. அவளை ஏமாற்றியது அவள் பெற்ற பிள்ளை.

அந்தப் பிள்ளை ஆதிகேசவனுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டி, மேனேஜராகி, பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊர் ஊராகப் போய்த் தொண்டு செய்தவன். கல்யாணத்தை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டான். வேலையை விட்ட அன்று, வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிப் போவதாக ஆபீஸ் முழுக்க மெயில் அனுப்பினான். பாதிப் பேர் பொறாமைப்பட்டார்கள். மீதிப் பேர் இவனுக்குக் கழன்றுவிட்டது என்றார்கள். எதிலிருந்து ஓடுகிறான் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பொன்னியம்மாள் மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். 1979 வைகாசியில், சாயப்பட்டறையில் வேலை பார்த்த தணிகாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டுக் காஞ்சிபுரம் வந்தாள். வந்த கொஞ்ச நாளில் அத்திவரதர் குளத்தை விட்டு வெளியே வந்தார். வந்த விருந்தாளிகள் முதலில் பார்க்கட்டும், நாம் எங்கே போய்விடப்போகிறோம் என்றாள் மாமியார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாசம் முடிகிற வரை புருஷன் ஊர்ப்பக்கம் அவள் தலைகாட்டக் கூடாது. மாகறலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அவளுடைய அப்பா அழைத்துவர மறுத்துவிட்டார். ஆடி முடிந்து, நல்ல நாள் பார்த்து அவள் திரும்பி வந்தபோது அத்திவரதர் குளத்துக்குள் போயிருந்தார். அடுத்த தரத்துக்கு நாற்பது வருஷம் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

2019இல் அவளுக்கு அறுபது வயது. முட்டி வலி. வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். எல்லோருக்கும் பொங்கிப் போட்டு, குடையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து வரிசைக்கு அனுப்பினாள். பிள்ளையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ரேவதி, நான் கூட்டிப்போகிறேன் என்று இரண்டு முறை வந்து நின்றாள். பொன்னியம்மாள் மசியவில்லை.

“கேசவன் வரட்டும்மா. அவன் கையப் புடிச்சிக்கினுதான் நான் போவேன்.”

கேசவன் வந்தான். மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆனால் அம்மாவிடம் வரவில்லை. தன் கம்பெனியின் பெரிய அதிகாரிக்கும் அவர் குடும்பத்துக்கும் எங்கெங்கோ சொல்லி முக்கியஸ்தர் பாஸ் வாங்கியிருந்தான். அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வர இருந்தது. அதிகாரியின் அம்மாவுக்கு நடக்க முடியாது. அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான். இரண்டு தெரு தாண்டினால் சொந்த வீடு. அதிகாரிக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டார்கள். அம்மாவை அடுத்த வாரம் நிதானமாகக் கூட்டிவரலாம் என்று காரில் உட்கார்ந்து மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்த வாரம் வேலை. அதற்கடுத்த வாரமும் வேலை. கடைசி நாளன்று வந்தே தீருவேன் என்று போனில் சத்தியம் செய்தான். அன்றைக்கும் ஒரு மீட்டிங் இழுத்துவிட்டது. ஊருக்கு வெளியே பொன்னேரிக்கரையிலேயே வண்டிகளை மறித்து நிறுத்தியிருந்தார்கள். இறங்கி ஓட்டமும் நடையுமாக அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வரிசையை மூடிவிட்டார்கள். அரக்குப் பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மடியில் துளசி மாலைக் கூடையோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் பொன்னியம்மாள். காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

“சாப்டியாபா?” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு தோசை வார்த்தாள்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பான். அந்தத் தோசை அவன் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை. பதவி உயர்வு கிடைத்தது, இரண்டு வருஷம் அதில் இருந்து பார்த்தான், முடியவில்லை. வேலையை விட்டான். பூரிக்குப் போனான், ஹரித்துவாருக்குப் போனான், பண்டரிபுரத்துக்குப் போனான். போன இடத்திலெல்லாம் தொண்டர் கூட்டத்தோடு சேர்ந்து, நடக்க முடியாத கிழவிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சன்னதி வரை தள்ளிக்கொண்டு போனான். பாஷை தெரியாத கிழவிகள் அவன் தலையில் கை வைத்து அழுதார்கள். அந்த ஒரு மணி நேரம் மனசு லேசாக இருக்கும். நாற்காலியை மடித்து ஓரத்தில் வைத்ததும் பழைய பாரம் வந்து ஏறிக்கொள்ளும். அதனால் அடுத்த கிழவி, அடுத்த ஊர். பாரம் எந்த ஊரில் கிடந்ததோ அந்த ஊருக்கு மட்டும் போகப் பயமாக இருந்தது.

போன வருஷம் ரேவதி போன் செய்தாள். “அண்ணே, அம்மாக்கு ஓரத்துல இருக்கறது எதுவும் தெரியலியாம். கதவுல இடிச்சிக்கினே இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா எங்கூட வர மாட்டேங்கறாங்க, நீ வந்துதான் இட்டுக்கினு போவணுமாம்.”

“இங்க பூரியில ரத யாத்திரை முடியட்டும்மா. நானே வந்து சென்னையில நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டறேன்” என்றான்.

ரத யாத்திரை முடிந்தது. பிறகு ஒரு வெள்ள நிவாரணம் வந்தது, அதற்குப் பிறகு ஒரு முகாம். அவன் ஊர் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அம்மாவுக்குப் பார்வை முழுக்கப் போயிருந்தது. கண் அழுத்த நோய், நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கலாமாம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ரேவதி அதோடு அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

மாசி மாதம் ஒரு காலையில், பொன்னியம்மாளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனான் ஆதிகேசவன். எத்தனையோ பேரைத் தள்ளிய கை. பெற்றவளை அன்றைக்குத்தான் முதல் தரம் தள்ளியது. குளத்துப் படிக்கட்டுக்கு மேலே, நிழல் பார்த்து நிறுத்தினான்.

“தண்ணி இருக்குதாபா?”

“நெறைய இருக்குதும்மா.”

“உள்ளதான இருக்காரு” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, சாதாரணமாக, கடைக்குப் போய்விட்டு வந்தவனைக் கேட்பதுபோல் கேட்டாள். “கேசவா, நீ பார்த்த இல்ல?”

அவன் குனிந்து, ஏற்கெனவே பூட்டியிருந்த சக்கரத்தை மறுபடி பூட்டினான்.

“பூக்கட தையல்நாயகி அன்னிக்கே வந்து சொன்னா. யாரோ பெரியம்மாவ வண்டில வெச்சு நீ தள்ளிக்கினு போனியாமே. அவங்க நல்லாப் பார்த்தாங்களா?”

ஆறு வருஷம். ஒரு வார்த்தை கேட்காமல் ஆறு வருஷம் வைத்திருந்தாள்.

“பார்த்தாங்கம்மா” என்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழுவாத. எனக்கு இனிமே கண்ணு வந்து பார்க்கப்போறதில்ல. அடுத்த தபா வரச்ச நான் இருக்கவும் மாட்டேன். நீ கிட்டக்க நின்னு பார்த்தவன். எப்பிடி இருந்தாரு, சொல்லு. கேட்டுக்கறேன்.”

அவள் அவனிடம் கேட்டது அந்த ஒன்றுதான். கொடுத்துவிட நினைத்து ஆதிகேசவன் கண்ணை மூடிக்கொண்டு தேடினான். பலகைச் சரிவில் நாற்காலியின் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. அதிகாரியின் அம்மாவின் சால்வை சக்கரத்தில் சிக்காமல் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அதிகாரிக்கு நன்றாகத் தெரிகிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அதற்குள் “நகருங்க, நகருங்க” என்று தள்ளிவிட்டார்கள். அத்திவரதர் இருந்த பக்கம் அவன் தலையைத் திருப்பவே இல்லை.

“படுத்துக்கினு இருந்தாரும்மா” என்று ஆரம்பித்தான். “நீலப் பட்டு. பெரிய மாலை. தாமரப்பூ. சிரிச்ச மொகம்.”

பொன்னியம்மாள் மெல்லத் தலையாட்டினாள்.

“அது காலண்டர்ல இருக்கறதுபா. ரேவதி வாங்கியாந்து மாட்டுனா, கண்ணு இருந்த வரைக்கும் தெனம் பார்த்தேன். நீ பார்த்ததச் சொல்லு.”

அவன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.