பதினாறு கோரும் ஒரு ஸ்டேரிங்கும்

எங்கள் வீட்டில் லாரி வாங்க ஒரு முறை உண்டு. பெயிண்டைப் பார்த்து மயங்கக் கூடாது. லோடு ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். அதே முறையை அப்பா கம்ப்யூட்டர் கடையிலும் கையாண்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

அக்கா அப்போது சேலத்தில் ஐந்து வருடக் கட்டடக் கலைப் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருந்தாள். அவள் வரைந்த கட்டடத்தைத் திரையில் லேசாகத் திருப்பினாலே வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும். சேலம் போய்ப் புதிது வாங்கலாம் என்று அப்பா சொன்னதும் பெரியப்பாவும் கூடக் கிளம்பினார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த அவர் சொல்வதுதான் எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை. பெண்பிள்ளைக்கு மூன்று வருடப் படிப்பே போதும், நல்ல இடம் வந்தால் முடித்துவிடலாம் என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். அவரை எதிர்த்து அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கடைக்காரர் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டைக் காட்டினார். ஒன்றின் பிராசசரில் பதினாறு கோர், மற்றதில் எட்டு. கோர் என்றால் உள்ளே வேலை செய்கிற ஆள் மாதிரி என்றார். அக்கா எட்டுதான் வேண்டும் என்றாள்.

"பதினாறு ஆளு இருக்கறப்ப எட்டுப் பேர எவனாச்சும் கூட்டிட்டுப் போவானா சாமி?" என்று பெரியப்பா சிரித்தார். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்கும் பதினாறுதான் பிடித்திருந்தது. பள்ளியில் பீற்றிக்கொள்ள அதுதான் வசதி.

அப்பா தலையைச் சொறிந்தார். "எங்களுக்கு வெளங்கற மாதிரி சொல்லு சாமி" என்றார் அக்காவிடம்.

"பதினாறு டிரைவரு உக்காந்திருந்தாலும் லாரிக்கு ஸ்டேரிங் ஒண்ணுதானுங்கப்பா. நான் வரையறப்ப பெரும்பாலும் ஒரு கோருதான் வேல செய்யும். அந்த ஒண்ணு வேகமா இருக்கோணும். இந்த எட்டுல ஒவ்வொண்ணுக்கும் வேகம் சாஸ்தி."

முடிந்த கட்டடத்தைப் போட்டோ போலப் படமாக்கும்போது பதினாறுதான் முந்தும் என்றார் கடைக்காரர். அக்கா மறுக்கவில்லை. அது மாதத்துக்கு ஒருநாள், வரைவது தினமும் என்றாள்.

"அப்ப லோடு ஏத்திப் பாத்தர்லாமுங்க" என்று அப்பா சட்டைப் பையிலிருந்து அக்காவின் பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதில் அவள் வரைந்த ஐந்து மாடி ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அதைத் திறந்தார்கள். பதினாறில் கட்டடம் திணறித் திணறித் திரும்பியது. எட்டில், அக்காவின் கை போன பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பெரியப்பா மவுஸைத் தானே வாங்கிக்கொண்டு, படிக்கட்டு படிக்கட்டாக மொட்டை மாடிவரை போய் வந்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"இத்தனையும் நீயா வரைஞ்சே?"

"ஆமாங்க பெரியப்பா."

"எங்கூட்டுக்கு மேல ரெண்டு மாடி எடுக்கோணும். படிப்ப முடிச்சுட்டு வந்து நீயே வரைஞ்சு குடு சாமி."

கல்யாணப் பேச்சு அந்தக் கடையிலேயே நின்றுபோனது. எட்டு கோர் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல்லில் எங்கள் வீடு வரை வந்தேன். என் அக்கா, என் அக்கா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இன்று சேலத்தில் அவள் எழுப்பிய கட்டடங்களைப் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் அவருக்குக் காட்டாமல் விடமாட்டேன். அப்பாவைப் பற்றி மட்டும், பாவம் ஒன்றும் தெரியாமல் நின்றார் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பென் டிரைவ் அவர் சட்டைப் பைக்கு எப்படி வந்தது என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவேயில்லை.