மருந்து ஏறினால்தான் முடி கொட்டும் என்று சொன்னேன்

என் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல, கவரைப்பேட்டை சலூன்காரர். காதை மூடும் அளவுக்கு முடி வளர்த்து, கிருதாவை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். கத்தியை நிறுத்திவிட்டு, "இன்னா தம்பி, நெல்லிக்கா மாதிரி ஒண்ணு உருளுது?" என்றார். வலிக்கவில்லை. அதனால் இரண்டு மாதம் அப்படியே விட்டுவிட்டேன். அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

நெல்லிக்காய் எலுமிச்சை அளவானது. சாயங்காலக் காய்ச்சலும், படுக்கை நனையும் வேர்வையும் சேர்ந்துகொண்டன. சென்னையில் கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பரிசோதித்து ஹாட்ஜ்கின் நோய் (நிணநீர்க் கணுக்களில் வரும் ஒருவகைப் புற்று) என்றார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்து, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த இரும்பு ஆலை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

கீமோதெரபி (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியாக ரத்தத்தில் ஏற்றுவது) மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை. முதல் ஊசியன்றுதான் ஏழுமலையைப் பார்த்தேன். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப்பவன். என்னைவிட மூன்று வயது பெரியவன், கல்யாணம் ஆனவன். அதே நோய், அதே மருந்து, அதே பெஞ்சு. அவன் பொன்னேரியில் ஏறுவான், நான் கவரைப்பேட்டையில். ஒரே பாசஞ்சர் வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவோம்.

வாந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்ட இரண்டாவது மணி நேரத்தில் தொடங்கும். மூடியுள்ள பால்பவுடர் டப்பா ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். அன்று பிடித்த பதார்த்தம் எதையும் சாப்பிடாதீர்கள், பிறகு அதைக் கண்டாலே குமட்டும். எனக்கு இட்லி அப்படித்தான் போனது. ஆறிய கஞ்சியும் உப்புப் போட்ட மோரும் வயிற்றில் நின்றன. தண்ணீர் நிறையக் குடியுங்கள், மருந்து சிறுநீர்ப்பையை அரிக்கும். விரல் நுனி மரத்துப்போய் சட்டைப் பொத்தான் போட முடியாவிட்டால் பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முடி பதினெட்டாம் நாள் போனது. தலையைத் துவட்டினேன், துண்டோடு வந்துவிட்டது. அம்மா அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "கேக்கறவங்களுக்குத் திருத்தணி மொட்டைன்னு சொல்லுடா" என்றாள். ஆலையில் சொன்னேன். "மொட்ட போட்டுக்கினு வந்துகிறே, பிரசாதம் எங்கடா?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் கடையில் பொரியும் கற்கண்டும் வாங்கிக் கொடுத்துத் தப்பித்தேன். அடுத்த வாரம் புருவமும் போனது. சாமி புருவத்தையும் கேட்டதா என்று ஒருவன் கேட்டான். அதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் பொரி இல்லை.

ஏழுமலைக்கு ஒரு முடி கூடக் கொட்டவில்லை.

அடர்த்தியான முடி, வெயிலிலும் உப்பிலும் நுனி செம்பட்டை பூத்தது. ரயில் காற்றில் கலையும்போதெல்லாம் ஜோபியிலிருந்து சீப்பை எடுத்து வாரிக்கொள்வான். அவன் வாரத் தொடங்கினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரே விஷத்தை இருவரும் குடிக்கிறோம், இவனை மட்டும் ஏன் தொடவில்லை? அவன் வாந்தி எடுக்கும்போது கூட, குனிந்த நெற்றியில் முடி விழுகிறதே என்றுதான் பார்த்தேன். பொறாமை இவ்வளவு உடம்போடு ஒட்டியது என்று எனக்கு அதுவரை தெரியாது. வாய்ப்புண் மாதிரி, பேசும்போதும் விழுங்கும்போதும் உறுத்தியது.

மூன்றாவது ஊசியன்று டாக்டரம்மாவிடம் என் இங்கிலீஷைக் காட்டிக் கேட்டேன், இவனுக்கு ஏன் கொட்டவில்லை என்று. அவரும் இங்கிலீஷிலேயே சொன்னார்: சிலருக்குக் கொட்டும், சிலருக்குக் கொட்டாது. அதை வைத்து மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல முடியாது. கட்டி கரைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இருவருக்கும் கரைகிறது.

வெளியே வந்ததும் ஏழுமலை என் தோளைப் பிடித்தான்.

"இன்னா வாத்தியாரே, தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசினீங்களே. என் முடியப் பத்தித்தான கேட்ட? இன்னா சொன்னாங்க?"

"மருந்து ஏறினவனுக்குத்தான் கொட்டுமாம்" என்றேன்.

"அப்போ எனுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அவங்க சொன்னதைச் சொன்னேன்."

அவன் தலைக்குக் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. அன்று ரயிலில் அவன் சீப்பை எடுக்கவில்லை. எனக்குக் குமட்டல் கூடக் குறைவாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது.

நான்காவது ஊசிக்கு அவன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது ஊசியன்று நர்ஸ் அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கூட வருவாரே, ஊரை விட்டுப் போயிட்டாரா?" என்றார். அவனுடைய சீட்டை மற்ற நோயாளிகளின் சீட்டுகளுக்கு அடியில் வைத்ததைப் பார்த்தபோதுதான் நான் செய்தது எனக்கு முழுதாகப் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்கு பஸ் பிடித்தேன். அவன் வீட்டு வாசலில் மனைவி கன்னியம்மா இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏழுமலை. தலை மொட்டையாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம். கிட்டே போனதும் பார்த்தேன், தலை முழுவதும் கடுகு தூவியது போல் கருப்பாக முளைத்திருந்தது. சவரம் செய்த தலை. அந்த முளைகளைப் பார்த்தும் ஒரு நொடி வயிறு எரிந்தது.

"வா வாத்தியாரே. திர்த்தணி போயி குட்த்துட்டு வந்தேன்" என்று தலையைத் தடவினான். "மருந்துதான் ஏறல. சாமியாச்சும் பாத்துக்கட்டும்."

"ஊசிக்குப் போன்னு தலபாடா அட்ச்சிக்கினேண்ணே" என்றாள் கன்னியம்மா. "முடியே விழல, மருந்து சொம்மா தண்ணியாட்டம் போவுதுன்றாரு."

அவன் சட்டைக் காலருக்கு மேலே, காதுக்குக் கீழே, ஒரு புடைப்பு தெரிந்தது.

நின்றபடியே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னது இது, நான் சொன்னது இது என்று. ஏழுமலை எழுந்து என் எதிரே வந்து நின்றான்.

"நான் உனுக்கு இன்னா பண்ணேன்?"

"ரயில்ல தலை வாரினே."

"அதுக்கா?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "கேட்டியா கன்னிமா, தல வார்னதுக்கா!"

கன்னியம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு ஊசி பூட்சு" என்றாள், என்னைப் பார்த்து. பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "நாளிக்கி வண்டி எத்தினி மணிக்கு?"

போனோம். டாக்டரம்மா அவன் கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி இங்கிலீஷில் தொடங்கினார். கன்னியம்மா நடுவில் வந்து நின்றாள். "எங்கிட்ட தமிழ்ல சொல்லுங்கம்மா. அவரு வெளிய இருக்கட்டும்." நான் வெளியே போனேன். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதல் ஊசியிலிருந்து மறுபடி ஆரம்பம் என்று அவள்தான் பிறகு சொன்னாள்.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. என் ஆறு ஊசியும் முடிந்துவிட்டன. தலையில் முடி வந்திருக்கிறது, முன்பைவிட மெல்லியதாய், லேசான சுருளோடு. புருவத்துக்கு இன்னும் மை தேவைப்படுகிறது. விரல் நுனியின் மரமரப்பு போகவில்லை. முடியை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன்: வரும். பக்கத்துப் பெஞ்சுக்காரனின் தலையைப் பார்க்காதீர்கள். பார்க்காமல் இருக்க முடியாவிட்டால், வாயையாவது மூடிக்கொள்ளுங்கள்.

ஏழுமலைக்கு இன்னும் ஒரு ஊசி இருக்கிறது. எனக்கு இனி ஊசி இல்லை, ஆனாலும் அவன் ஊசியன்று லீவு போட்டு அதே வண்டியில் போகிறேன். கன்னியம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வருகிறாள். டாக்டரம்மாவின் அறைக்குள் அவர்கள் போனதும் நான் வெளியே பத்து நிமிஷம் காத்திருக்கிறேன், மூன்று வாரப் பயமும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வந்து நிற்கிறது. டாக்டரம்மா இந்நேரம் அவன் கழுத்தைத் தொட்டிருப்பார் என்று நினைக்கும்போது என் கை என் கழுத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் கதவு திறக்கும்வரை கையை எடுக்க முடிவதில்லை.