வெற்றிலை போடாத வாய்

நேற்றுக் காலை முனியன் வெற்றிலைத் தட்டோடு வந்தான். தட்டோடு வந்தால் யோசனை கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். கையை வீசிக்கொண்டு வந்தால் வலை இரவல் கேட்பான். தட்டை என் பக்கம் தள்ளினான், நான் திருப்பித் தள்ளினேன். நான் வெற்றிலை போடமாட்டேன் என்பது இந்தக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

"சின்னவனுக்கு சென்னப்பட்டணத்துல இங்கிலீஷ்காரன் சுங்கச்சாவடில எடம் வருதுனு சொல்றாங்க" என்றான். "மொதல்ல மூணு வருஷம் உமேதுவாரா இருக்கணுமாம். நீ அதெல்லாம் பாத்தவன். இன்னா சொல்ற?"

"அனுப்பாத."

"ஏன்?"

"அனுப்பாதனா அனுப்பாத."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "உனுக்கு வாய்க்கலனா ஊருல எவனுக்கும் வாய்க்கக் கூடாதா?" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். பாயில் ஒரு கொட்டைப்பாக்கு மட்டும் உருண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாக்கைப் பார்த்து ஒருவனுக்குக் கோபம் வருமா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு வரும்.

உமேதுவார் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேலை கிடைக்கும் என்று நம்பி இன்றைக்குச் சம்பளமில்லாமல் வேலை பழகுகிறவன். பழகுகிறான் என்பது எசமான் சொல்லும் வார்த்தை. உண்மையில் அவன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

அப்போது பழவேற்காட்டில் ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரர் கோட்டை நின்றது. ஏரி மேல் கப்பல் சாமான் ஏற்றிய படகுகள் போய் வந்தபடி இருக்கும். ஊரில் ஒரு துணி வியாபாரி இருந்தார், சிவப்புக் கட்டம் போட்ட கைக்குட்டைகளைத் தறிக்காரர்களிடம் வாங்கிக் கோட்டைக்குக் கொடுப்பவர். அவர் பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எல்லோரும் எசமான் என்றார்கள், நானும் அப்படியே சொல்லி வைக்கிறேன். கோட்டையில் ஒரு மாதிரித் துணியைக் கொடுத்திருப்பார்கள். வந்த துணியை அதன் பக்கத்தில் வைத்து, இழை எண்ணி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிக்க வேண்டும். அதற்குத்தான் சரக்கு அடுக்கும் அவர் கிட்டங்கியில் ஆள் வேண்டியிருந்தது.

துறையில் நான் வலை பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "வலை பின்ற வெரலு. நூலு இந்தக் கையோட பேசும். மூணு வருஷம் பழகு, அப்புறம் உன்ன சம்பளத்துல எழுதிக்கிறேன்" என்றார்.

அப்போது இரண்டு வருஷமாக முகத்துவாரம் மண்ணடைத்துக் கிடந்தது, ஏரிக்குள் இறால் ஏறவில்லை. அதனால்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: தலையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் "கிட்டங்கிப் பிள்ளை போறாரு" என்று சொல்வார்கள். அந்த ஆசைதான். இருபத்துநான்கு வயது, கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது. புத்திதான் வரவில்லை.

ஆனால் போவதற்கு ஒரு விலை இருந்தது. எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை, மாசியில், சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். கல்யாணமான ஆண்களின் பெயர்கள் வரிசையாக உண்டு. அந்த வரிசை எந்த ஓலையிலும் இல்லை, குப்பத்துத் தலைவர் பெரிய நாட்டார் வாயில்தான் இருந்தது. அவர் பெயர் சொன்னதும் எழுந்து போய்ப் பானைக்குள் கையை விட்டு ஓலை நறுக்கு ஒன்றை எடுக்க வேண்டும். முனியன், அடுத்து நான், அடுத்து எல்லப்பன். வேறு பிழைப்புக்குப் போனவன் மூன்று சீட்டுக்கு வராவிட்டால் பெயர் போய்விடும். அவன் பிள்ளைக்கும் போய்விடும். ஆகவே மூன்றாவது மாசிக்குள் எனக்கு வேலை கிடைக்க வேண்டும், அல்லது நான் திரும்பிவிட வேண்டும்.

கிட்டங்கியில் முதல் வருஷம் என்ன பழகினேன்? எசமான் வீட்டுக்குத் தண்ணீர் தூக்க, மூட்டை கட்ட, அவர் மச்சான் குதிரைக்குப் புல் போட. இரண்டாம் வருஷம் இழை எண்ணினேன். ஆறே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு தரம் சொல்ல வந்துவிட்டது. தை பிறக்கும்போதெல்லாம் போய்க் கேட்பேன். "கை இன்னும் படியல" என்பார். படியாத கை பிரித்த துணிதான் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. எழுத்து மட்டும் நானே திருடிக்கொண்டேன், மூட்டைகள் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து. இதை எழுதுவதும் அந்தத் திருட்டுச் சொத்தில்தான்.

அங்கே என்னையும் சேர்த்து உமேதுவார்கள் நான்கு பேர். எல்லோருக்கும் மூத்தவன் வீராசாமி. எத்தனை வருஷமாகப் பழகுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "பதினொண்ணு" என்றான். சம்பளத்தில் எழுதப்பட்டவன் யாராவது உண்டா என்றேன். யோசித்தான். "எசமான் மச்சான் இருக்காரே" என்றான். இழைக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மச்சான் ஒருவர்தான் சம்பளக்காரர். மற்ற வேலையெல்லாம் பழகுகிறவர்கள் தலையில் ஓடியது. ஒருவன் வெறுத்துப்போய் ஓடினால் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். இதற்குமேல் ஒரு எசமானுக்கு என்ன வேண்டும்? உமேதுவாருக்குத்தான் மூன்று வருஷம். எசமானுக்கு அது முடிகிற காலமே இல்லை.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் போட்டுவிட்டோம், இன்னும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன். தூண்டில் தொண்டையில் இறங்கிய பிறகும் இரை ருசியாக இருக்கிறது என்று நினைக்கிற மீன் உண்டோ இல்லையோ, நான் இருந்தேன்.

மூன்றாவது மாசி. சீட்டு நாளன்றுதான் கோட்டைத் துரை துணி பார்க்க வருகிறார் என்று எசமான் சொன்னார். "அன்னிக்கி நீ நின்னா, சாயந்தரமே உன் பேர எழுதிர்றேன்." அன்று காலை ஏரியைத் தாண்ட நான் தோணி ஏறும்போது என் மனைவி அங்கம்மா கரையில் நின்று கத்தினாள்.

"இன்னிக்கி சீட்டு! உன் பேரு போனா இந்தப் புள்ள பேரும் போச்சு. போவாத!"

"சாயந்தரம் சம்பளக்காரனா வரேன் பாரு" என்றேன்.

"நீ ஆளா வந்தா போதும்" என்றாள்.

துரை வந்தார், கூட மொழி சொல்ல துபாசியும் வந்தான். எசமான் பெருமையாக என்னை முன்னால் தள்ளினார். "இவன் வலைக்காரன் சாமி. தொட்டே சொல்லுவான்" என்றார். ஒரு சிவப்புக் கட்டத் துணியைக் கையில் கொடுத்தார்கள். நான் அதுவரை துரை முன்னால் நின்றதில்லை. அந்தப் பதற்றத்தில் கிட்டங்கி மறந்துபோய்ப் பழைய பழக்கம் வந்துவிட்டது. வலை நூலை எங்களில் எவனும் காய்ந்தபடி பார்க்கமாட்டான். வாயில் வைத்து நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டுவோம். முறுக்கு நிற்கிற நூலா, விட்டுப்போகிற நூலா என்பது நனைந்தால்தான் தெரியும். நான் துணியின் முனையை வாயில் வைத்துவிட்டேன்.

எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் சிவப்பு. உதட்டைத் துடைத்தேன், புறங்கையும் சிவந்தது. சாயவேரில் ஊறிய சிவப்பு வண்ணான் கல்லில் அடித்தாலும் போகாது. இது பதங்கக் கட்டையை அவித்துப் போட்ட மட்டச் சாயம், எச்சில் பட்டால் ஓடுகிற சாயம். இரண்டு வருஷமாக முதல் தரம் என்று நான் அடுக்கி வைத்ததில் இது எத்தனை இருந்ததோ, தெரியாது.

துரை என் வாயைப் பார்த்தார். கிட்டங்கியில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எசமானுக்கு ஒரு கண்ணிமைப்பு நேரம்தான் தேவைப்பட்டது.

"வெத்தல போட்டுக்கினு துணியத் தொட்டுட்டான் சாமி! அசிங்கம் புடிச்சவன்!" என்று கூவினார். வீராசாமி பக்கம் திரும்பினார். "போட்டுக்கினுதானே வந்தான்?"

மூன்று வருஷமாக அங்கம்மா வைத்த கருவாட்டுக் குழம்பில் பாதியை நான் வீராசாமிக்குத்தான் ஊற்றியிருக்கிறேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா சாமி. காலைலயே போட்டுக்கினு வந்தான்" என்றான்.

நான் பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் நாக்கும் சிவப்பாக இருந்தது. துபாசி எதையோ சொன்னான், துரை சிரித்தார். அந்த ஒரு துணியை ஒதுக்கிவிட்டு மற்ற மூட்டைகளுக்கெல்லாம் தலையாட்டினார். அவை கப்பலேறிவிட்டன. எந்தச் சீமையிலோ ஒரு சீமாட்டி அதில் சளி சிந்தி மூக்குச் சிவந்திருப்பாள். என் வயிற்றெரிச்சலுக்கு அது ஒன்றுதான் மோர். என்னைக் கழுத்தைப் பிடித்துத் தெருவில் தள்ளியது எசமான் மச்சான். அவர் சம்பளத்துக்குச் செய்து நான் பார்த்த வேலை அது ஒன்றே.

துறைக்கு ஓடினேன். எதிர்காற்று. கரை சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது, சீட்டுப் பானையை எல்லப்பன் கழுவிக்கொண்டிருந்தான். பெரிய நாட்டார் மணலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் காலில் விழுந்தேன்.

"உன் பேரச் சொன்னேன்" என்றார். "சொல்லிட்டுத் தண்ணி குடிச்சேன். மறுபடி சொன்னேன். துண்ட ஒதறி மடிச்சேன். அதுக்கு மேல இன்னாடா பண்ணுவேன்? அத்தினி பேரு குந்திக்கினு இருக்காங்க."

பிறகுதான் என் வாயைப் பார்த்தார். "வெத்தல வேற போட்டுக்கினு வந்தியா" என்று எழுந்து போய்விட்டார். அவரிடமும் நான் விளக்கவில்லை. அங்கம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு நான் அடுத்தவன் பாட்டில் அடுத்தவன் வலைக்குக் கம்பு ஊன்றினேன். என் மகனும் அதையேதான் செய்கிறான். எனக்கு அவன் மீது பரிதாபம் உண்டு, அவனுக்கு என் மீது கோபம் உண்டு, இரண்டும் நியாயம்தான். வீராசாமியைப் பல வருஷம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன், தலை நரைத்திருந்தது. "தை பொறக்கட்டும், எழுதிக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றான். அடிக்க ஓங்கின கையை இறக்கிக்கொண்டேன்.

இன்றைக்குக் கோட்டை இல்லை. இங்கிலீஷ்காரர் இடித்தது போக மிச்சக் கல்லை ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போட்டுக்கொண்டார்கள். கிட்டங்கிக்குக் கூரை போய், உள்ளே கள்ளி மண்டிக் கிடக்கிறது. எசமான் போனார், மச்சானும் போனார். உமேதுவார் மட்டும் எசமானை மாற்றிக்கொண்டு சென்னப்பட்டணத்தில் உயிரோடு இருக்கிறான் போலிருக்கிறது. முனியன் மகன் போகத்தான் போகிறான்.

இதில் எதற்கும் நான் வருந்தவில்லை. எனக்கு வேறொன்று போயிற்று. பெயர் போன பிறகும் ஒவ்வொரு மாசியிலும் கூட்டத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். பெரிய நாட்டார் "முனியன்" என்பார். அடுத்து வாய்ப்பழக்கத்தில் ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு "எல்லப்பன்" என்பார். அந்த ஒரு மூச்சு என்னுடையது. போன வருஷம் அவர் காலமானார். இந்த மாசியில் அவர் மகன் பெயர் சொன்னான். நல்ல கணீரென்ற குரல். "முனியன், எல்லப்பன்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே போனான்.