அப்பா என்ன செய்கிறார் என்ற வரி

ஷூ கம்பெனியை மூடி, அதன் வேன் எங்கள் காலனி முனைக்கு வருவது நின்றுபோனபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீட்டுக்காரர் இறந்தபின் அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். கம்பெனியில் தோலுக்குப் பசை தடவும் வேலை. யாரோடும் பேசவேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. நாலு பேர் கூடினால் தமிழிலேயே வாய் திறக்காதவள் நான்.

காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டனுக்கு உதவியாக ஆள் தேடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். வெளிமாநிலப் பெண்கள் தங்கும் இடம் என்பதால் கொஞ்சமாவது இங்கிலீஷ் பேசவேண்டுமாம். அதற்காகத்தான் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வகுப்புக்குப் போனேன். நாங்கள் ஆறு பெண்கள். டீச்சர், காலேஜ் முடித்து ஒரு வருஷம் ஆன பெண்.

அவள் எல்லோருக்கும் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தாள். என் பெயர் இது, என் ஊர் இது, என் அப்பா இன்ன வேலை செய்கிறார் என்று இங்கிலீஷில் வரிசையாக இருக்கும். கோடிட்ட இடத்தை நாம் நிரப்பி, மனப்பாடம் செய்து, இன்டர்வியூவில் ஒப்பிக்கவேண்டும்.

"பேரன் எடுத்தவகிட்ட அப்பன் இன்னா பண்றான்னு யாரு கேக்கப்போறாங்க? வூட்டுக்காரர் வேலைய போட்டா ஆவாதா?" என்றாள் எங்களில் மூத்தவள்.

டீச்சர் சிரித்தாள். "இது காலேஜ் பசங்களுக்குக் குடுக்கற பேப்பர்க்கா. அப்படியே சொல்லிடுங்க. மாத்துனீங்கன்னா அங்க போய் மறந்துடும்."

ஒவ்வொருத்தியாக எழுந்து சொன்னார்கள். என் அப்பா ஃபார்மர், என் அப்பா ஃபார்மர் என்றே வந்தது. அவர்களில் சொந்த நிலம் உள்ளவர்கள் இரண்டு பேர்தான் என்பது எனக்குத் தெரியும். என் முறை வந்தது. அப்பா கூலிக்குப் போனவர் என்று மெதுவாகச் சொன்னேன். டீச்சர் கரும்பலகையில் 'அக்ரிகல்சுரல் லேபரர்' என்று எழுதினாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"ஃபார்மர்னே சொல்லட்டா டீச்சர்? இது நாக்குல வரமாட்டேங்குது."

"உங்க இஷ்டம்க்கா."

நாக்கு ஒரு சாக்கு. அதே வாரம் 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற வார்த்தையை நான் தடுக்காமல் சொல்லப் பழகியிருந்தேன்.

வீட்டில் பாத்திரம் தேய்த்தபடி ஒப்பித்துக்கொண்டிருப்பேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஃபாதர்னு ஒண்ணு வந்துச்சே, அது நான்தான? என்னப் பத்தி இன்னா சொல்ற?"

"நீ விவசாயின்னு சொல்றேன் நைனா."

"எந்த நெலத்துல?"

நான் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

"கூலின்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல வார்த்த இல்லியா?"

"கீது."

"அப்ப அத சொல்லு. அடுத்தவன் நெலத்த என் தலையில எழுதாத."

சரி என்றேன். மறுநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பழையபடியே ஒப்பித்தேன்.

இன்டர்வியூ அன்று அவரும் கூட வந்தார். காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் அவர் கண்ணைக் காட்டிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனோம். அவர் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நான் மட்டும் உள்ளே போனேன்.

மேஜைக்குப் பின்னால் வார்டன் மேடம். ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஃபார்மர்? ஹவ் மெனி ஏக்கர்ஸ்?" என்றார்.

தாளில் இல்லாத கேள்வி. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை. "ஃபோர் ஏக்கர்ஸ் மேடம்."

என்ன பயிர் என்றார். நெல் என்றேன், வருஷத்துக்கு இரண்டு போகம் என்றேன். தண்ணீர்? கிணறும் மோட்டாரும் இருக்கிறது என்றேன். எல்லாம் இங்கிலீஷில். அந்த நாலு ஏக்கர் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. அப்பா முப்பது வருஷம் கூலிக்குப் போன நிலம். ஒரு சென்ட்கூட எங்களுடையது இல்லை. ஆனால் எந்த வரப்பில் நண்டு வளை இருக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். அதனால் பொய் தடங்கலில்லாமல் வந்தது.

மேடம் ஃபைலை மூடிவிட்டுத் தமிழில் பேசினார்.

"நல்லா பேசறீங்கம்மா. ஆனா போன வருஷம் இப்படித்தான் நிலம் இருக்கறவங்க ஒருத்தங்கள எடுத்தோம். நடவுன்னு பத்து நாள் வரல, அறுப்புன்னு பத்து நாள் வரல. இங்க எப்பவும் ஆள் இருக்கணும். அதனால நிலம் இல்லாதவங்களா பார்த்துக்கிட்டிருக்கோம். அவங்களுக்குத்தான இந்த வேலை அவசியம்?"

நிலம் எங்களுடையது இல்லை மேடம் என்று சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ்கூடத் தேவையில்லை, அவரே தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். சொன்னால் இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி "தேங்க்யூ மேடம்" என்று எழுந்து, நாற்காலியை மேஜையோடு ஒட்டித் தள்ளிவிட்டு வந்தேன்.

அப்பா எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"பேசினியாம்மா?"

"பேசினேன் நைனா. ரெண்டு நாள்ல போன் பண்றேன்னாங்க."

"என்னப் பத்தி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கூலின்னுதான் சொன்னேன்."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு டீக்கடைக்காரரிடம், "என் பொண்ணு. உள்ள இங்கிலீஷ்லயே பேசிட்டு வர்றா" என்றார். கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் வீட்டில் போன் அடித்தால் அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பார். நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்ப்பார். மூன்று வாரம் இப்படிப் போனது. ஒருநாள் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து கேட்டார்.

"ஹாஸ்டல்ல இன்னும் கூப்பிடல இல்ல?"

"இல்ல."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"கூலின்னு சொன்னதாலதான் இருக்கும். நான்தான் உன்ன பேஜார் பண்ணி அப்டி சொல்ல வெச்சேன். நீ மொதல்ல சொன்ன மாரியே விவசாயின்னு சொல்லியிருக்கலாம்."

இல்லை நைனா என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். முறத்தில் கல் இல்லை. நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய், டிவி சத்தத்தைப் பழையபடி கூட்டிவைத்தார்.