லியூங்கின் ஞாயிற்றுக்கிழமைக் கோழி

விக்னராஜாவுக்குப் பசித்தது. சாதாரணப் பசி இல்லை. சுவர்க் கலண்டரில் இருந்த ஆப்பிள் படத்தைப் பார்த்தாலே வாயூறுகிற பசி. ஆனால் யாராவது கேட்டால், "இப்பத்தான் சாப்பிட்டனான்" என்றுதான் சொல்வான். சாவகச்சேரியில் அவனை அப்படி வளர்த்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வற்புறுத்துவார். திரும்பவும் வேண்டாம். அவர் கையைப் பிடித்து இழுப்பார். அதற்குப் பிறகு, போனால் போகிறது என்று உட்கார்ந்து வயிறு வெடிக்கச் சாப்பிடலாம். கேட்டவுடனே கதிரையை இழுத்துப் போடுகிறவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இது எழுபத்து நாலாம் ஆண்டு மார்ச் மாதம், கடல் கடந்து வெள்ளைக்காரர் நாட்டில், கிளேட்டன் என்ற ஊரில், பல்கலைக்கழக விடுதியில். சனி மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தைப் பூட்டினால் திங்கள் காலையில்தான் திறப்பார்கள். கடைகளும் அதே கதை. மூலைக்கடை ஒன்று மட்டும் திறந்திருக்கும். அங்கே சூடாக இருந்தது 'பை' என்ற, மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம். அதை அவன் தொட மாட்டான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அழுக்குத் துணி மூட்டையோடு அம்மாவிடம் போய்விடுவார்கள். அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள்தான் மாடியில் மிஞ்சுவார்கள்.

மிஞ்சினவர்களில் லியூங் ஹொங்கொங்காரன். ஈர்க்குச்சி உடம்பு, ஆனால் ஞாயிறு சமையலுக்கு அகப்பையைக் கையில் எடுத்தால் பொலிஸ்காரன். மற்றவன் தனபாலன், மலேசியாவில் கிள்ளான் ஊர்க்காரன், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறவன். பெரிய சேட்டைக்காரன். குளியலறைக் கதவில் "பாம்பு உண்டு" என்று எழுதி ஒட்டிவிட்டுத் தான் மட்டும் வெந்நீரில் குளிக்கிறவன்.

போன ஞாயிறு சாப்பிடுகிறாயா என்று லியூங் கேட்டான், விக்னராஜா வேண்டாம் என்றான், லியூங் தலையாட்டிவிட்டுச் சட்டியை மூடினான். அவ்வளவுதான்! இரண்டாவது தரம் கேட்கவே இல்லை. அன்றைக்கு அம்மா டின்னில் அடைத்துத் தந்துவிட்ட பயத்தம்பணியாரம் காப்பாற்றியது. இந்த ஞாயிறு அந்த டின்னில் வாசம்தான் மிச்சம். பசியைக்கூடப் பொறுக்கலாம். வந்ததிலிருந்து யாரோடும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதில்லை. அதுதான் அவனைத் தின்றது. எல்லாப் பேச்சும் சிரிப்பும் அந்தச் சட்டியைச் சுற்றித்தான் நடந்தன.

தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போனான். இஞ்சிக் கோழி கொதித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடுறியா?" லியூங் ஆங்கிலத்தில் கேட்டான்.

"இல்லை, இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சேன்" என்று விக்னராஜாவின் வாய் அதே ஆங்கிலத்தில், அவனைக் கேளாமலே சொல்லிவிட்டது.

லியூங் தலையாட்டினான். சட்டியை மூட மூடியை எடுத்தான். விக்னராஜாவின் நெஞ்சு மூடியோடு சேர்ந்து இறங்கியது.

"அண்ணே, என்னா சாப்பிட்டீங்க?" மேசைமேல் உட்கார்ந்திருந்த தனபாலன் தமிழில் கேட்டான்.

"அது... புட்டு."

"கிளேட்டன்ல புட்டா? எந்தக் கடை லா? எழுந்திருங்க, எனக்கும் வாங்கிக் குடுங்க."

"கடையில இல்லை. நானே அவிச்சனான்."

"எதுல? ஷூவிலயா?"

அந்த நேரம் பார்த்து விக்னராஜாவின் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. லியூங் திரும்பி அடுப்பைப் பார்த்தான்.

"அடுப்பு இல்ல, இவருதான்" என்று தனபாலன் ஆங்கிலத்துக்கு மாறினான். "இன்னொரு தரம் கேளு."

லியூங் முகம் சிவந்தான். "அது மரியாதை இல்லையே. ஒரு தரம்தான் கேட்கணும், வேண்டாம் என்றால் விட்டுவிடணும், இந்த நாட்டு வழக்கம் அதுதான் என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள்."

"உங்க வீட்டில எப்படி?" என்று தனபாலன் கேட்டான்.

"எங்கள் வீட்டிலா? அம்மா கிண்ணத்தோடு துரத்துவா." லியூங் அகப்பையைக் கீழே வைத்தான். "நானும் வந்த புதிதில் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே பட்டினி கிடந்தவன்."

விக்னராஜா அவனைப் பார்த்தான். இவ்வளவு நாளும் தான் ஊர் மரியாதை காட்ட, லியூங் வெள்ளைக்காரனுக்கு மரியாதை காட்டிக்கொண்டு இருந்திருக்கிறான், அங்கே ஒரு வெள்ளைக்காரனும் இல்லாமல்.

"சாப்பிடு" என்றான் லியூங்.

"ஐயோ, வேண்டாம்."

"சாப்பிடத்தான் வேணும்!"

"உண்மையாய் வேண்டாம்."

லியூங் அவன் தோளைப் பிடித்துக் கதிரையில் அமுக்கினான். எத்தனையோ நாளாக யாரையும் அமுக்கி உட்கார வைக்காத கை. கொஞ்சம் பலமாகவே அமுக்கிவிட்டது. மற்றக் கை சோறும் கோழியும் போட்ட தட்டை முன்னால் வைத்தது. விக்னராஜாவுக்குக் கண் கலங்கியது. இஞ்சிக் காரம் என்று சொல்லிக்கொண்டான்.

"பாருங்க, இன்னும் வாயில வைக்கல, அதுக்குள்ள காரமாம்" என்று தனபாலன் கத்தினான். கத்தியபடியே, தன் தட்டில் எடுத்து வைத்திருந்த கோழிக்காலை விக்னராஜாவின் சோற்றுக்குள் புதைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டான்.

அதன் பிறகு சோறும் பேச்சும் சேர்ந்தே போயின. விக்னராஜா ஊர்க் கதை ஒன்றைத் தொடங்கினான். அது முடிவதற்குள் மூன்று தரம் தட்டு நிறைந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் விக்னராஜா எழுந்து சட்டியைக் கழுவப் போனான்.

"வேண்டாம், நான் கழுவுறேன்" என்றான் லியூங்.

ஒரே ஒரு தரம்தான் சொன்னான், இந்த நாட்டு வழக்கப்படி.