இல்லாத பூட்டுக்காரர் இறந்த நாள்

என் அண்ணியை அச்சகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஆதாரம்’ என்றால்தான் தெரியும். நாங்கள் அச்சடிப்பது தினசரி காலண்டர். ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘வரலாற்றில் இன்று’ என்று யாராவது பிறப்பார்கள், இல்லையென்றால் இறப்பார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு புத்தகங்கள் ஒத்துச் சொன்னால்தான் அண்ணி அவர்களைப் பிறக்கவோ சாகவோ விடுவார். வீட்டிலும் அதே கதைதான். என் அண்ணன் “பஸ் லேட்டு” என்றால், “வேற யாரு சொன்னா?” என்பார். பாவம், அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

அண்ணி மாடாக உழைத்துச் சரிபார்த்ததையெல்லாம் எதிர்க்கடைக் காலண்டர்காரர் வருஷா வருஷம் நோகாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. கோபத்தை யாரிடம் காட்டுவது? அண்ணியிடம்தான்.

“அவன் சும்மா அடிக்கிறான், நான் மட்டும் எதுக்கும்மா ஆள் வச்சுச் சரிபார்க்கணும்? அவன் திருடுறான்னு நிரூபி. இல்லேன்னா உன் மேஜையைத் தூக்கிடுவேன்.”

திருடியவன் அங்கே, வேலை போவது இங்கே. நல்ல நியாயம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த காலண்டரில், ஒரே ஒரு தாளில், சாவியே இல்லாத பூட்டைச் செய்த ஒரு மேதை இறந்துபோனார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. முழுக்க அண்ணி விட்ட கப்சா. எங்கள் காலண்டர் வந்த கையோடு எதிர்க்கடைக்காரர் ஈயடிச்சான் காப்பி அடித்தார், படத்தோடு.

சில மாதம் கழித்து அச்சகத்தார் சங்கத்தில் பஞ்சாயத்து. அந்தத் தாளைக் காட்டித் திருட்டு என்றோம். எதிர்க்கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பூட்டு வியாபாரிகளின் ஆண்டு மலர் ஒன்றையும் பள்ளிக்கூட வினாடி வினாப் புத்தகம் ஒன்றையும் எடுத்துப் போட்டார். இரண்டிலும் எங்கள் மேதை! எல்லாரும் எங்கள் காலண்டரைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

“ரெண்டு ஆதாரம் இருந்தாப் போதும்னு சொல்றவங்க இந்த அம்மாதானே? இந்தாங்க ரெண்டு. அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைன்னு அவங்களே நிரூபிக்கட்டும்.”

இல்லாத ஆளை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? முதலாளியின் முகம் தொங்கிவிட்டது. அண்ணியின் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அண்ணி எழுந்து கடைசி வரிசையைப் பார்த்தார். அவரைக் கூட்டிப்போக வந்த அண்ணன் அங்கே தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

“ஏங்க, கொஞ்சம் முன்னால வாங்க.”

வந்தார். அண்ணி எதிர்க்கடைக் காலண்டர் தாளை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே மூக்கு, அதே மச்சம்! பக்கம் அமைப்பது என் வேலை. அண்ணன் படத்துக்கு மீசையும் தலைப்பாகையும் ஒட்டியவள் நான்தான். இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான்.

“நூறு வருஷத்துக்கு முன்னால செத்தவரு இவர்தான். என் வீட்டுக்காரர். இன்னும் ஆதாரம் வேணுமா?”

எதிர்க்கடைக்காரர் அசடு வழிந்தார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். எங்கள் முதலாளி, “உன் மேஜை எங்கேயும் போகாதும்மா” என்று குழைந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அண்ணன் மட்டும் எகிறினார். “என்னை ஒரு வார்த்தை கேக்காமச் சாகடிச்சிருக்கே! என்னிக்குச் செத்தேன்னாவது சொல்லு.”

“தாளைப் பாருங்க.”

பார்த்தார். “பதினேழாம் தேதி. சரி, அதுக்கு என்ன?”

“ஒண்ணுமில்லீங்க, நம்ம கல்யாண நாள். ரெண்டு காலண்டர்ல போட்டும் உங்களுக்கு ஞாபகம் வரலையே!”